மேரி கியூரியின் வாழ்வு சொல்லும் எச்சரிக்கை

அண்மையில் சி.டி. ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தேன். ஆறு மாதங்களில் இரண்டாவது முறை; மன நிம்மதிக்காக நானே கேட்டுப் பெற்ற பரிசோதனை. கதவில் இருந்த கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னம் மேரி கியூரியை நினைவூட்டியது.

1867-இல் வார்சாவில் பிறந்தவர் அவர். அங்கு பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்ததால் பாரீஸ் சென்று பயின்றார். 1898-இல் கணவர் பியருடன் இணைந்து பொலோனியம், ரேடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தார். 1903-இல் இயற்பியலுக்கும், 1911-இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார்.

முதல் உலகப் போரில் எக்ஸ் கதிர்க் கருவிகளை வாகனங்களில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். மகள் ஐரீனும் உடன் உழைத்தார். உடலில் குண்டு தங்கிய இடத்தை மருத்துவர்கள் அறிந்தனர். வீரர்கள் பலர் பிழைத்தனர். ஆனால், படமெடுத்தவர்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை.

எலும்பு மஜ்ஜை செயலிழந்த ரத்தசோகையால் 1934-இல் அவர் மறைந்தார். 1995-இல் அவரது உடல் பாரீஸின் பாந்தியன் நினைவகத்துக்கு மாற்றப்பட்டபோது நடந்த ஆய்வு, ரேடியத்தைவிடப் போர்க்கால எக்ஸ் கதிர்களே காரணமாக இருக்கக்கூடும் எனக் கருதியது.

சி.டி. ஸ்கேனும் எக்ஸ் கதிரால்தான் இயங்குகிறது. மார்பு எக்ஸ் கதிர்ப் படத்தில் சுமார் 0.1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு என்றால், வயிற்றுப் பகுதி ஸ்கேனில் அதைப்போல் ஐம்பது முதல் நூறு மடங்கு. தேவையான ஸ்கேனுக்கு அஞ்சுவது பேதைமை. தேவையற்றதைக் கேட்டுப் பெறுவதும் அவ்வாறே.

எழுந்து சென்று, பழைய படங்களை மருத்துவரிடம் காட்டினேன். இப்போதைக்கு அவையே போதும் என்றார்.