பிரெடரிக் பூத்-டக்கர்

பிரெடரிக் பூத்-டக்கர் (மார்ச் 21, 1853 – சூலை 17, 1929) இந்தியாவில் இரட்சணிய சேனை என்னும் கிறித்தவ அமைப்பின் பணியைத் தொடங்கி வைத்தவர். சிறை மீண்டோருக்கும், குற்றப் பரம்பரையினர் என்று அரசு முத்திரை குத்திய குடும்பங்களுக்கும் சமய அடிப்படையில் மறுவாழ்வுப் பணிகளை நடத்தியவர். இப்பணிகள் அவருக்குப் புகழையும், பிற்கால ஆய்வாளர்களின் கடும் விமர்சனத்தையும் ஒருங்கே தேடித் தந்தன.

வாழ்க்கை

இவர் பீகாரின் முங்கேரில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியில் பயின்று, இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் வென்று, பஞ்சாபில் உதவி ஆணையரானார். 1881 இல் இலண்டனில் இரட்சணிய சேனையினரைக் கண்டு அப்பதவியைத் துறந்தார். 1882 செப்டம்பர் 19 அன்று மூவருடன் பம்பாயில் வந்திறங்கினார். காவி உடுத்து, வெறுங்காலுடன் நடந்து, பக்கீர் சிங் என்ற பெயருடன் மக்களிடையே வாழ்ந்தார். தெரு ஊர்வலம் தொடர்பான வழக்கில் 1883 இல் பம்பாய்ச் சிறையில் அடைக்கப்பட்டார். நீதி வழங்கும் பணியிலிருந்த ஒருவர் அதே அரசின் கைதியானது அக்காலத்தில் அரிய நிகழ்வே.

1888 இல், சேனையின் நிறுவனர் வில்லியம் பூத்தின் மகள் எம்மாவை மணந்து, பூத் என்ற பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொண்டார். 1896 முதல் 1904 வரை அமெரிக்காவில் பணியாற்றினார். அங்கு 1903 இல் எம்மா தொடருந்து விபத்தில் இறந்தார்.

சிறைவாயில் இல்லம்

சிறைவாயில் பணி என்னும் முறையைச் சேனை 1883 இல் ஆத்திரேலியாவின் மெல்பேர்ணில் தொடங்கியது. விடுதலையாகும் நாளில் சிறை வாசலிலேயே கைதியைச் சந்தித்து, உணவும் தங்குமிடமும் வேலையும் தருவதே இதன் அடிப்படை. வெளியே வருபவருக்குப் பழைய கூட்டாளிகளைத் தவிர வேறு போக்கிடம் இல்லாததே மீண்டும் குற்றத்திற்குக் காரணம் என்று சேனையினர் கருதினர். கொழும்பிலும் இத்தகைய இல்லம் நடத்தப்பட்டது. 1891 இல் வெளியான தம் நூலில் பூத்-டக்கர் இம்முறையை இந்தியாவிற்கும் பரிந்துரைத்தார்.

குடியேற்றங்கள்

1907 இல் இந்தியா திரும்பிய பின் இப்பணி வேறு வடிவம் பெற்றது. ஐக்கிய மாகாண அரசின் அழைப்பின்பேரில் 1908 இல் கோரக்பூரில் தோம் மக்களுக்கான குடியேற்றத்தைச் சேனை ஏற்றது. சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரத்தின் பாபட்லா அருகே சுடூவர்ட்டுபுரம் உருவானது. அங்குக் குடியேற்றப்பட்ட எருகுலர், தமிழகத்துக் கொறவருடன் உறவுடையவர்கள். நெசவு, பட்டுப்புழு வளர்ப்பு, பள்ளி ஆகியவற்றைச் சேனை ஊக்குவித்தது. குற்றத்தைக் குணப்படுத்தக்கூடிய நோயாகக் கருதி அவர் நூலும் எழுதினார். அவருக்கு 1913 இல் கெய்சர்-இ-இந்து தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது.

ஆனால் சிறைவாயில் இல்லத்திற்கும் இக்குடியேற்றத்திற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது தண்டனை முடிந்தவர் விரும்பி நுழைந்த இடம். பின்னதிலோ, தண்டனையே பெறாதவர்களும் பிறப்பின் காரணமாக அடைக்கப்பட்டனர். அனுமதிச் சீட்டின்றி வெளியே செல்ல இயலாது. 1911 ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் இடமளித்தது. கொறவர் பலர் முன்னர் மாடு, கழுதைகளில் உப்பும் தானியமும் ஏற்றிச் சென்று விற்றவர்கள். தொடருந்தும் அரசின் உப்புக் கொள்கையும் அவ்வணிகத்தை அழித்ததை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருட்டிணா விளக்கியுள்ளார். ஆக, இவர்கள் இழந்தது ஒழுக்கத்தை அன்று, தொழிலையே.

இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 இலும், நாடு முழுவதும் 1952 இலும் நீக்கப்பட்டது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேலம் உப்புக் கொறவர், தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் அப்பழைய தொழிற்பெயருடனேயே இடம்பெற்றுள்ளனர்.

பூத்-டக்கர் 1919 இல் இந்தியாவை விட்டுச் சென்றார். பத்தாண்டுகளுக்குப் பின் இலண்டனில் காலமானார்.