சுரங்கத்திலிருந்து கதிர்வீச்சுக் கூடம் வரை: தொழிலாளர் துறையில் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றது 1942 ஜூலையில். 1946 வரை நீடித்த அந்த நான்காண்டுகளை நம் மேடைகள் அரிதாகவே பேசுகின்றன. வில்பட்டி, கொடைக்கானல் பகுதியின் பாதரச வரலாற்றை அறிந்தோர் அவற்றைப் பேசியே ஆக வேண்டும்.

தொழிலையும் சாதியையும் பிணைக்கும் முடிச்சை அவர் நூல்களில் மட்டும் கற்கவில்லை. 1891இல் மாவ் படைமுகாமில் பிறந்து, பம்பாய் பரேலில் ஆலைத் தொழிலாளரிடையே இளமையைக் கழித்தவர். அன்றைய பஞ்சாலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பதே காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் எழுப்பினார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலைநிறுத்த உரிமையை நெரித்த மசோதாவை எதிர்த்து 1938இல் பொதுவுடைமையினரோடு கைகோத்தார்.

பதவியில் இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் சென்று நிலக்கரிச் சுரங்கத்தினுள் தாமே இறங்கிப் பார்த்தார். அடுத்த மாதமே சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. ஆலை வேலைநேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தை 1946இல் கொணர்ந்தார். போர்க்காலத் தேவையைக் காட்டிப் பெண்களை மீண்டும் நிலத்தடி வேலைக்கு அனுமதித்த முடிவையும் அரசின் சார்பில் அவரே சட்டமன்றத்தில் காத்து நின்றார். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தடை 1946இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

அவர் காலத்தில், 1944இல் அடார்கர் அளித்த அறிக்கையிலிருந்தே 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம் வளர்ந்தது. அதே ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அவர் அத்துறையிலிருந்து விலகிய பின் வந்தது. அதன் மூன்றாம் அட்டவணையைச் சட்ட மாணவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். பாதரச நஞ்சும், ரேடியத்தாலும் எக்ஸ் கதிராலும் வரும் நோய்களும் அங்கே ஒரே பட்டியலில் உள்ளன. நோய் தென்பட்டால் நிர்வாகமும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதரச ஆவியும் கதிர்வீச்சும் கண்ணுக்குப் புலப்படாதவை. தன் உடலில் எவ்வளவு ஏறியது என்பதை அளந்தவர் சொன்னாலன்றித் தொழிலாளி அறிய முடியாது.

டிராம்பேயில் அப்சரா அணுஉலை இயங்கத் தொடங்கிய 1956 ஆகஸ்டுக்கு நான்கு மாதங்களுக்குப் பின், டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார். கதிர்வீச்சிலிருந்து தொழிலாளரைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1960இல் உருவாக, இந்தியா அதை ஏற்றது 1975இல். இன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என உச்சவரம்பு வைத்துள்ளது. அதை அளக்கும் வில்லை உலைக்கூட ஊழியரின் சட்டையில் இருக்கும். பழைய இரும்புக் கடையில் உடைப்பவரிடம் இராது. 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கருவியின் கோபால்ட்-60, மாயாபுரிக் கடைகளை எட்டி ஒருவரின் உயிரைப் பறித்தது. கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடியும் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில்தான் 2001இல் கண்டெடுக்கப்பட்டது. ஆலை அவ்வாண்டே மூடப்பட்டது; முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று.

மின்விசையால் இயங்குமிடம் தொழிற்சாலை எனக் கொள்ளப்பட 10 தொழிலாளர் போதும் என்றது 1948இன் சட்டம். 2020இன் சட்டத்தொகுப்பு அதை 20 ஆக்கியுள்ளது.