தலைகீழான உலகப் படமும் மீரியபெத்த மலைச்சரிவும்

ஒருநாள் வகுப்பில் ஷரீப் அல்-இத்ரீஸியின் உலகப் படத்தைச் சுவரில் மாட்டினேன். தலைகீழாக மாட்டிவிட்டேன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பிழை விடவில்லை. அந்தப் படத்தில் தெற்கு மேலே இருக்கிறது, வடக்கு கீழே இருக்கிறது. அக்கால முஸ்லிம் புவியியலாளர் பலர் அப்படித்தான் வரைந்தார்கள். எந்தத் திசை மேலே என்பது இயற்கையின் சட்டமல்ல, வரைகிறவரின் தீர்மானம். ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும், அதை யார், யாருக்காக வரைந்தார் என்று கேட்கவேண்டும்.

அல்-இத்ரீஸி சுமார் 1100ஆம் ஆண்டில் வட ஆபிரிக்கக் கரையிலுள்ள ஸப்தாவில் பிறந்தார். நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றல்களான குடும்பம் என்பதால் ஷரீப் எனப்பட்டார். இளமையிலேயே அந்தலூஸிலும் வட ஆபிரிக்காவிலும் பயணம் செய்தவர், பின்னர் சிசிலியின் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரொஜரின் அரசவையில் சேர்ந்தார். அங்கே சுமார் 15 ஆண்டுகள் உழைத்தார். பலர்மோவுக்கு வந்த வணிகரையும் மாலுமிகளையும் விசாரித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனதையே ஏற்றார். 1154இல் வெள்ளித் தகட்டில் பொறித்த உலகப் படமும், 70 பகுதிப் படங்கள் கொண்ட நூலும் நிறைவடைந்தன. அதே ஆண்டு மன்னர் இறந்தார். வெள்ளித் தகடு பின்னர் தொலைந்துபோனது. கையெழுத்துப் பிரதிகளாக நூல் மட்டும் தப்பியது.

அவர் நம் தீவுக்கு வந்ததில்லை. ஆனாலும் ஸரந்தீப் அவரது படத்தில் பெரிய தீவாக நிற்கிறது. நபி ஆதம் (அலை) இறங்கியதாக நம்பப்பட்ட மலையையும் அவர் எழுதினார். இங்குள்ள மன்னரின் ஆலோசகர் 16 பேரில் மன்னரின் மதத்தவர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர், யூதர் என நந்நான்கு பேர் இருந்ததாகவும் குறித்தார். எல்லாம் பயணிகள் சொல்லக் கேட்டதுதான்.

இதை எழுதும்போது 2014 ஒக்டோபர் 29 நினைவுக்கு வருகிறது. அன்று காலை எங்கள் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தயில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆபத்து தெரிந்திருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். குடியேறுவதற்கு அவர்களுக்கென்று சொந்தக் காணி இருக்கவில்லை.

படம் வரைந்தால் மட்டும் போதாது. அல்-இத்ரீஸி வழி நடந்தவர்களின் வாயிலிருந்து உலகைக் கேட்டு எழுதினார். நம் மலைகளில் புது ஊற்று கிளம்பினாலும், சுவர் வெடித்தாலும், மரம் சாய்ந்தாலும் முதலில் காண்பவர்கள் லயத்து மக்கள்தான். அவர்களிடம் கேட்கவும் வேண்டும், வரைந்த அபாயப் படத்தை அவர்கள் மொழியில் அவர்கள் கையில் கொடுக்கவும் வேண்டும், பாதுகாப்பான காணியும் தரவேண்டும்.

நம் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஊரின் மண்சரிவு அபாயப் படத்தைத் தொங்கவிடுவோம். அடுத்த மழைக்கு முன் நம்மால் முடிந்தது அதுவே.