வெயில் அடிச்சும் பயிர் ஏன் திணறுது? முதல் விடை தந்த அம்மை டாக்டர்

2017 டிசம்பர் 8 அன்று கூகுள் முகப்பில் டூடுலாக வந்தவர் யான் இங்கன்ஹவுஸ். இலை சாப்பாடு தயாரிக்க வெளிச்சம் கட்டாயம் என்று கண்டுபிடித்தவர். ஆனா, தொழில்ல அவர் ஒரு டாக்டர்.

அரண்மனையில் ஒரு ரிஸ்க்

1730-ல் நெதர்லாந்தின் பிரெடா நகரில் பிறந்தார். லண்டனில் அம்மை குத்துவதில் பேர் வாங்கினார். ஜென்னரின் தடுப்பூசிக்கு முந்தைய காலம் அது. நோயாளியின் கொப்புளச் சீழை நல்லா இருக்கிறவர் உடம்பில் ஏற்றுவார்கள். லேசாக அம்மை வந்து போகும். சிலருக்கு உயிரே போய்விடும். 1768-ல் வியன்னா போய், பேரரசி மரியா தெரசாவின் குடும்பத்துக்கே குத்தினார். பெரியம்மையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு. கை தவறியிருந்தால் கதை வேறு. தவறவில்லை, அரசவை மருத்துவர் ஆனார்.

கோடையில் 500 சோதனைகள்

மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைச் செடி சரியாக்கும் என்று 1771-ல் பிரீஸ்ட்லி கண்டிருந்தார். ஆனால், அது சில நேரம் நடந்தது, சில நேரம் நடக்கலை. ஏன்?

1779 கோடையில் லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கி, 500-க்கும் மேல் சோதனை செய்தார் இங்கன்ஹவுஸ். தண்ணீரில் மூழ்கிய இலை வெயிலில் குமிழி விட்டது, இருட்டில் நிறுத்திக்கொண்டது. பச்சைப் பகுதிகள் மட்டுமே இதைச் செய்தன. காரணம் சூரியனின் சூடு அல்ல, வெளிச்சம்தான் என்றும் பிரித்துச் சொன்னார். அதே ஆண்டு புத்தகமும் வந்தது.

அப்போ சூட்டுக்கு வேலையே இல்லையா?

இருக்கு. மங்கலான வெளிச்சத்தில் வெளிச்சம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பளிச்சென்ற வெளிச்சத்தில் வெப்பநிலையும் கையைக் கட்டிப்போடும் என்று 1905-ல் கேம்பிரிட்ஜின் பிளாக்மன் விளக்கினார்.

குளிரும் வெயிலும் ஒன்றாக வந்தால்தான் சிக்கல். இலையின் பச்சையம் குளிரிலும் ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதைச் சர்க்கரையாக்கும் நொதிகளோ குளிரில் மந்தமாகிவிடும். வரவு நிறைய, செலவு இல்லை. மிஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதியை இலை வெப்பமாக வெளியே விடும். அதையும் தாண்டினால் ஒளியைப் பிடிக்கும் இயந்திரமே சேதமாகும். அதைப் பழுது பார்க்கும் வேலையும் குளிரில் மெதுவாகத்தான் நடக்கும்.

மக்காச்சோளம், தக்காளி, வெள்ளரி போன்ற வெப்பப் பகுதிப் பயிர்களுக்கு இதில் அடி அதிகம். குளிருக்குப் பழகிய கோதுமை ஓரளவு சமாளிக்கும். அதனால்தான் குளிர் தாங்கும் மக்காச்சோள ரகங்களுக்காக வட ஐரோப்பாவில் ஆராய்ச்சி நடக்கிறது.

இங்கன்ஹவுஸ் 1799-ல் இங்கிலாந்தின் போவுட் மாளிகையில் இறந்தார். அவர் பிறந்த நெதர்லாந்தில் இன்று மக்காச்சோளம் பரவலாக விளைகிறது. வசந்தகாலக் குளிர்ந்த காலையில் வெயில் சுள்ளென்று அடித்தால், இளம் பயிருக்கு அது சோதனைதான்.