முதல்வரே தோற்ற தேர்தல்: கணிப்புகளைப் புரட்டிப்போட்ட 1952! யார் இந்த குமாரசாமி ராஜா?

வருஷம் பிறந்ததும், இந்த வருஷம் என்னவெல்லாம் நடக்கும்னு நண்பர்களுக்குள் கணிப்புப் போட்டி வைப்பது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் 1952-ல் அப்படி ஒரு போட்டி நடந்திருந்தால், ஜெயிப்பது ரொம்பவே கஷ்டம்!

அப்போது சென்னை மாகாண முதல்வர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1898-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர்; காந்தியவாதி. 1949-ல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார்.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தல் அது. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற பெயர் இருந்தும், உணவுத் தட்டுப்பாடும் உட்கட்சிப் பூசலும் காங்கிரஸின் காலை வாரின. 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்தது.

அதைவிட அதிர்ச்சி, சொந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல்வரே தோற்றுப்போனார். அடுத்த முதல்வரானதோ, தேர்தலில் நிற்கவே செய்யாத ராஜாஜி!

தோல்வியோடு குமாரசாமி ராஜா முடங்கிவிடவில்லை. 1954-ல் ஒரிசா ஆளுநரானார். ராஜபாளையத்தில் தன் வீட்டையே பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். 1957-ல் காலமானார். பதவி போகும், வரும். கொடுத்துவிட்டுப் போனது இன்னும் ஊரில் நிற்கிறது.