அறிஞர் சித்திலெப்பை காட்டிய வழி

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் நின்று தென்கிழக்கே நோக்குங்கள். அலைகளுக்கு அப்பால் இருப்பது இலங்கைத் தீவு. அந்நாட்டில், தம் சமுதாயத்தின் கல்வி முறையையே மாற்றியமைக்க முனைந்த தமிழ் பேசும் முஸ்லிம் பெரியார் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார்கள். அவர்களே அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை.

1838-ஆம் ஆண்டு கண்டி நகரில் பிறந்த அவர்கள், சட்டம் பயின்று வழக்கறிஞராக விளங்கினார்கள். ஆங்கிலேயர் ஆண்ட அக்காலத்தில், ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தது. பிள்ளைகளின் ஈமானுக்கு ஊறு நேருமோ என்று அஞ்சிய முஸ்லிம் பெற்றோர், அப்பள்ளிகளுக்கு அவர்களை அனுப்பவில்லை. குர்ஆன் ஓதக் கற்றதோடு பலருடைய படிப்பு நின்றது. கற்றவர்களுக்கே உரிய பதவிகளும் வாய்ப்புகளும் கை நழுவிப் போயின.

இந்நிலையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அறியாமை என்று அப்பெற்றோரைப் பழித்திருக்கக் கூடும். சித்திலெப்பை அவர்களோ அந்த அச்சத்தை மதித்தார்கள். மார்க்கத்தையும் காத்து, உலகக் கல்வியையும் தரும் பள்ளிகளை முஸ்லிம்களே நிறுவுவதுதான் அதற்கு மருந்து என்று கண்டார்கள்.

ஆனால், கட்டடம் எழுப்புமுன் கருத்தைப் பண்படுத்த வேண்டுமல்லவா? 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கி, கல்வியின் அவசியத்தை மக்களுக்குப் புரியும் மொழியில் இடைவிடாது எழுதினார்கள். அரபு மொழியை எளிதில் கற்கப் பாடநூல் இயற்றினார்கள். கண்டியில் பெண்களுக்கும் பள்ளி கண்டார்கள்.

1883-இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும் இம்முயற்சிக்குத் துணையாயிற்று. 1884-இல் கொழும்பில் ஒரு மத்ரஸா திறக்கப்பட்டது. எனினும், போதிய ஆதரவின்றி அது நீடிக்கவில்லை.

சோர்ந்து போனார்களா? இல்லை. குறையை உணர்ந்து, பாரத்தைப் பகிர்ந்து கொண்டார்கள். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் அவர்கள் பொறுப்பேற்க முன்வந்தார்கள். 1892-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மருதானைப் பள்ளிவாசலின் நிழலிலேயே புதிய மத்ரஸா தொடங்கிற்று. பெற்றோர் அன்றாடம் தொழ வரும் இடத்திலேயே கல்விக்கூடமும் அமைந்தால், அங்கே ஐயத்திற்கு இடமேது? அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

1898-இல் சித்திலெப்பை அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். அவர்களோடு பள்ளி மறையவில்லை. 1921-இல் டி. பி. ஜாயா அவர்கள் அதிபராகிப் பெரும் கல்லூரியாக உயர்த்தினார்கள். தொடங்கியவர் மறைந்த பின்னும் பிறர் தோள் கொடுத்து நடத்துவதே, ஒரு மாற்றம் வேரூன்றியதற்கு அடையாளம்.

சகோதரர்களே! உங்கள் ஜமாஅத்திலோ மத்ரஸாவிலோ பழைய முறையொன்றைத் திருத்த விரும்புகிறீர்களா? எதிர்ப்பவரின் அச்சத்தை முதலில் செவிமடுங்கள். காரணத்தைப் பொறுமையோடு விளக்குங்கள். பொறுப்பைப் பலரிடம் ஒப்படையுங்கள். முதல் முயற்சி தளர்ந்தால் மீண்டும் தொடங்குங்கள். அதற்கான உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!