மோதிரத்தையே அடகு வைத்த தஸ்தயேவ்ஸ்கி: சூதாட்ட வெறிக்கு இன்று மருந்து இருக்கிறதா?

‘குற்றமும் தண்டனையும்’ எழுதிய ரஷ்ய எழுத்தாளர் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி (1821-1881), சுமார் 8 வருடங்கள் ரூலெட் சூதாட்டத்தில் சிக்கித் தவித்தவர். மனித மனதை அலசி ஆராய்ந்தவருக்கு, தன் கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

தொடங்கியது எப்படி?

1863-ல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் ரூலெட் ஆடினார். ஆரம்பத்திலேயே பெரிய தொகை கிடைத்தது. வினையே அதுதான். 1865-ல் அதே ஊரில் சில நாட்களில் கையிலிருந்த எல்லாம் போச்சு. தங்கியிருந்த ஹோட்டலில் சாப்பாடு தருவதையே நிறுத்திவிட்டார்கள்.

26 நாளில் ஒரு நாவல்

இறந்துபோன அண்ணனின் கடனும் அவர் தலையில் இருந்தது. 3,000 ரூபிளுக்காக ஒரு பதிப்பாளரிடம் மோசமான ஒப்பந்தம் போட்டார். 1866 நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால், அடுத்த 9 வருட எழுத்துகளைப் பதிப்பாளர் இலவசமாகவே அச்சிடலாம்! சுருக்கெழுத்து தெரிந்த அன்னா என்ற இளம்பெண்ணிடம் சொல்லச் சொல்ல, 26 நாளில் ‘சூதாடி’ நாவல் முடிந்தது. மறுவருடமே அன்னாவைத் திருமணம் செய்துகொண்டார்.

சூதாடியைப் பற்றி நாவலே எழுதியும் பழக்கம் விடவில்லை. 1867-ல் பாடன்-பாடனில் கர்ப்பிணியான அன்னாவின் கம்மல், உடைகள், இருவரின் திருமண மோதிரங்கள் என எல்லாம் அடகுக் கடைக்குப் போயின. ஒவ்வொரு முறையும் அழுது மன்னிப்புக் கேட்பார். மறுநாள் திரும்பவும் கிளம்பிவிடுவார்.

1871 ஏப்ரலில் வீஸ்பாடனில் கடைசியாகத் தோற்றார். அதன் பிறகு தொடவே இல்லை. 1872 முடிவில் ஜெர்மனியின் சூதாட்ட விடுதிகளும் மூடப்பட்டன.

இன்று மருத்துவம் என்ன சொல்கிறது?

அவர் காலத்தில் இது வெறும் ஒழுக்கக் கேடு. 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் இதை உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத நோயாகப் பட்டியலிட்டது. 2013-ல் மது, போதை அடிமைத்தனத்தின் வரிசைக்கு மாற்றியது.

இதற்கென்றே தனியாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த மாத்திரை எதுவும் இல்லை. ஆனால், மதுப்பழக்கத்துக்குத் தரப்படும் நால்ட்ரெக்சோன், ஜெயிக்கும்போது மூளைக்குக் கிடைக்கும் ‘கிக்’கைக் குறைத்து, ஆடத் துடிக்கும் ஆசையைச் சிலருக்கு அடக்குகிறது. தேவையில்லாமல் திருடத் தூண்டும் கிளெப்டோமேனியாவுக்கும் இது பயன்படுத்தப்படுகிறது. கூடவே இருமுனைக் கோளாறு இருந்தால் லித்தியம் தரப்படலாம். முதல் சிகிச்சை என்னவோ, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் மனநல ஆலோசனைதான்.

இன்னொரு விஷயம்: பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகள், சிலருக்குச் சூதாட்ட ஆசையைப் புதிதாகக் கிளப்பிவிடும். அப்படித் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

தஸ்தயேவ்ஸ்கி மாத்திரை இல்லாமலே மீண்டார் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு 8 வருடங்கள் ஆனது. அந்த வருடங்களின் விலையில் பாதியைக் கொடுத்தவர் அன்னா. மன உறுதி போதும் என்று சொல்லும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.